மேல் தட்டு சைக்கிள்

போன வாரம் நம் விளையாட்டுக் கூடத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் பிரியா ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தாள். ‘சனிக்கிழமைதோறும் குட்டீஸ் பணப் பள்ளி. சேமிப்போம், ஜெயிப்போம்!’ அதற்குக் கீழே எனக்கு ஒரு செய்தி: “வசந்தாம்மா, பரிசுக் கவுன்டர்ல நீங்கதான் சீனியர். ரிட்டயர் ஆனா என்ன, ஒரு நாள் வந்து பசங்களுக்குப் பத்து நிமிஷம் பேசுங்க. நாங்களும் கத்துக்குறோம்.”

பெருமையாகத்தான் இருந்தது. போஸ்டரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அதில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் நஸ்ரின். பத்து வயது நஸ்ரின். பரிசு வாங்கிய பிள்ளை சிரிக்கவே இல்லையே என்று உங்களில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

தோன்றியிருக்காது. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று இப்போது அங்கே வேலை பார்க்கும் யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நடுவில் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

நான் டிக்கெட் கிழித்தே பிழைத்தவள். ஆவடியில் ஒரு தியேட்டரில் ஒன்பது வருடம் பெண்கள் கவுன்டர். அது கல்யாண மண்டபமானதும், வேலப்பன்சாவடி ஹைவேயில் புதிதாகத் திறந்த குடும்ப விளையாட்டுக் கூடத்தில் சேர்ந்தேன். பட்டாபிராமிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து வேலப்பன்சாவடி என்று மூன்று வண்டி மாற வேண்டும். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மெஷின். மூன்றாம் நாள் மறுபடியும் சிரிப்பு, ஏனென்றால் முதல் நாள் சிரிப்பு போதவில்லையாம். தியேட்டரில் சிரித்தால் “இன்னா இளிப்பு, டிக்கெட்ட குடு” என்பார்கள். இங்கே சிரிப்புக்குத்தான் சம்பளம்.

இப்போது எல்லாமே போனில் பாயின்டாக ஏறுவதால் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கார்டைத் தேய்த்து விளையாடுவார்கள். ஜெயித்தால் மெஷினிலிருந்து ஆரஞ்சு நிறத் தடித்த காகித டிக்கெட்டுகள் சரம் சரமாக வெளியே வரும். அந்தச் சரத்தை எண்ணும் பெட்டியின் வாயில் விட வேண்டும். பெட்டி கரகரவென்று இழுத்து, எண்ணி, உள்ளேயே துண்டு துண்டாக வெட்டிவிட்டு, மொத்தம் எத்தனை என்று ஒரு ரசீது தரும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘டிக்கெட் தின்னி’. அந்த ரசீதோடு என்னிடம் வந்தால் பரிசு. உடனே வேண்டாம் என்றால் அப்பா போன் நம்பரில் சேமித்து வைக்கலாம். அதனால் எனக்குப் பெயர் டிக்கெட் ஆன்ட்டி. பூந்தமல்லி மார்க்கெட்டில்கூட “தோ டிக்கெட் ஆன்ட்டி!” என்று குரல் வரும்.

கவுன்டருக்குப் பின்னால் மூன்று தட்டு. கீழ்த் தட்டில் ரப்பர், பென்சில், மிட்டாய். நடுத் தட்டில் பந்து, தண்ணீர் பாட்டில், சாவிக்கொத்து. மேல் தட்டில் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர், ஒரு டெலஸ்கோப், ஒரு சிவப்பு சைக்கிள். சைக்கிளுக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் எண்களைச் செருகி வைத்த பலகை. நான் சேர்ந்தபோது எட்டாயிரம்.

எங்கள் மேனேஜர் கருணாகரன் சார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். நான் அங்கே இருந்த பதினாறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே ஒரு முறை. அதைப் பிறகு சொல்கிறேன். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சட்டைப் பையில் மடித்த மஞ்சள் துணி. பேச வந்தால் முதலில் கவுன்டர் கண்ணாடியில் உள்ள பிள்ளைகளின் கைரேகையைத் துடைப்பார், அப்புறம்தான் பேச்சு. துடைக்க ஆரம்பித்தாலே ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சேர்ந்த மாதமே ஒரு நோட்டைக் கொடுத்தார். “வசந்தாம்மா, யாரு நெறைய சேத்து வெச்சிருக்காங்களோ அவங்க பேர மட்டும் இதுல எழுதி வையுங்க. சைக்கிள்ல பாதிக்கு மேல வந்தாச்சுன்னா எழுதிப்போடுங்க.” அதற்குக் ‘கிட்ட வந்தவங்க நோட்டு’ என்று பெயர். நான் என்னமோ அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

திங்கட்கிழமை காலையில் கூடம் திறப்பதற்கு முன்னால் நோட்டைப் பார்ப்பார். யாராவது ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தால், கண்ணாடியைத் துடைப்பார். “பலகைய மாத்திப்போடலாமுங்க.” நான் இரும்பு ஸ்டூலில் ஏறி எட்டை எடுத்துவிட்டு ஒன்றையும் சுழியையும் செருகுவேன். எட்டாயிரம் பத்தாயிரம் ஆனது அப்படித்தான். அப்புறம் பன்னிரண்டாயிரம். ஏன் சார் என்று ஒரு முறை கேட்டேன். “மேல் தட்டு குடுக்கறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு. அது இருக்கறதாலதான் அவங்க வர்றாங்க. குடுத்துட்டா எதப் பாத்து வருவாங்க?” என்றார். கோபமில்லை, கிண்டலில்லை. தண்ணீர் சுட்டால்தான் டீ போடலாம் என்பதுபோலச் சொன்னார்.

அதிர்ச்சி என்றால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பகீரென்கிறது. கேட்கும் அம்மாக்களிடம், “எல்லா விலைவாசியும் ஏறுது, சைக்கிள் மட்டும் ஏறாதா?” என்று சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். ஒன்பதாயிரம் சேர்த்த ஒரு பையன் பலகையைப் பார்த்து அழுதான். அடுத்த வாரமே அவன் அப்பா கடையில் கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஐடி கம்பெனி வேலை, அடுக்குமாடி வீடு. அழுகை தீர்ந்தது. என் மனசாட்சியும் அதோடு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

சின்னப் பிள்ளைகள் குதிக்கிற மெத்தைக் கூடம் உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு மெத்தையாவது கிழியும். அதைத் தைக்க வருபவர் பூந்தமல்லி இஸ்மாயில் பாய். சீட் கவர், சோபா, மெத்தை எல்லாம் தைப்பவர். சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து பின்பக்கம் உட்கார்ந்து மதியம் வரை தைப்பார். கூடவே மகள் நஸ்ரின். ஐந்தாம் வகுப்பு. ஊசி கோத்துக் கொடுப்பாள். கூடம் திறந்ததும் உள்ளே சுற்றுவாள். கார்டு கிடையாது, அதனால் விளையாட்டும் கிடையாது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அவள் சும்மா பார்க்கவில்லை. பிள்ளைகள் கார்டைத் தொலைத்துவிட்டு அழுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற குட்டிப் பர்ஸ் நான்கைந்து தைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் மிஞ்சிய ரெக்சின் துண்டு, ஒரு பிரஸ் பட்டன், ஒரு நாடா. கார்டு அதில் கச்சிதமாக நுழையும்.

“எவ்ளோடி?” என்று நானே கேட்டேன்.

“முப்பது டிக்கெட்டு ஆன்ட்டி.”

“காசு வேணாமா?”

“காசுன்னா அவங்க அம்மாவ கேக்கணும். அம்மா வேணான்னுடுவாங்க. டிக்கெட்டுன்னா அவங்கள்துதானே? அவங்களே குடுத்துருவாங்க.”

அசந்து போனேன். எந்தப் பணப் பள்ளியில் படித்தாள் இவள்? சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கார்டு தொலைந்தது என்று என்னிடம் வரும் அழுகை பாதியாகக் குறைந்தது. கருணாகரன் சாரே ஒரு பர்ஸை எடுத்துப் பார்த்து, “நல்லா இருக்குதுங்களே” என்றார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

எதற்குச் சேர்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் குத்தம்பாக்கம் பக்கம் வீடு மாறியிருந்தார்கள். ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம், அது பூந்தமல்லியில். பாயின் வண்டியோ காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும். “சைக்கிள் இருந்தா நானே போய்ப்பேன். இல்லன்னா ஊட்டாண்ட கீற ஸ்கூல்லயே போடுவேன்னு அம்மா சொல்லுது. அங்க எட்டாவது வரிக்கும்தான் கீது” என்றாள் ஒரு தடவை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு சைக்கிள், ஒரு பள்ளிக்கூடம்.

ஆனால் அவள் ஒரு டிக்கெட்டைக்கூட எங்களிடம் சேமித்து வைக்கவில்லை. பாயிடம் போன் நம்பர் இல்லாமலா? இருந்தது. அவளுக்குத்தான் இஷ்டமில்லை. எல்லாவற்றையும் வீட்டில் ஒரு நீல ரெக்சின் பையில் வைத்திருந்தாள். அதனால் என் நோட்டில் அவள் பெயரே இல்லை. பதினாறு வருடத்தில் பலகைக்குத் தெரியாமல் பலகைக்குக் கிட்டே வந்தவள் அவள் ஒருத்திதான்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இஸ்மாயில் பாய் அந்த நீலப் பையைத் தோளில் சுமந்து வந்து கவுன்டரில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. “யக்கா, பாப்பா சேத்துது. எண்ணிக்குங்க. எனக்கு ஒரு மெத்த பாக்கி கீது” என்று பின்பக்கம் போய்விட்டார்.

“பன்னெண்டாயிரத்து நூத்தி அறுவது ஆன்ட்டி. ரெண்டு தபா எண்ணிகினேன்” என்றாள் நஸ்ரின். நூறு நூறாக மடித்து எலாஸ்டிக் போட்டிருந்தாள். நான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டாயிரம். எனக்குக் கைதட்டத் தோன்றியது. கூடவே கருணாகரன் சார் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

டிக்கெட் தின்னியில் ஒவ்வொரு சரமாக விட்டோம். மற்றப் பிள்ளைகளும் உதவிக்கு வந்தார்கள். ரசீது ரசீதாக வந்தது. ஆறாயிரத்தைத் தாண்டியபோது கண்ணாடியில் மஞ்சள் துணி தேய்க்கும் சத்தம் கேட்டது.

கருணாகரன் சார் ரசீதுகளைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இந்தப் பாப்பா நோட்டுல இல்லீங்களே?”

“வீட்ல வெச்சிருந்துச்சு சார்.”

அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். என்னை அலமாரிக்குப் பின்னால் கூப்பிட்டார். அந்த வாரம்தான் புது டிக்கெட் ரோல் வந்திருந்தது, பச்சை நிறம். இரண்டு மெஷினில் மட்டும் போட்டிருந்தோம். “ஆரஞ்சு பழசுங்க. இனிமே பச்சைதான். ஆரஞ்சு செல்லாதுன்னு சொல்லிப்போடுங்க.”

“சார், காலைல இருந்து எல்லாருக்கும் ஆரஞ்சுக்குத்தானே குடுக்குறேன்?”

“கீழ்த் தட்டுக்குச் செல்லும். மேல் தட்டுக்குச் செல்லாதுங்க.”

“அப்ப நீங்களே சொல்லிடுங்க சார்.”

கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “நான் சொன்னா மேனேஜர் சொன்னதா ஆயிருமுங்க. சண்டைக்கு வருவாங்க. நீங்க சொன்னா ஆன்ட்டி சொன்னது. புள்ளைங்க உங்களத்தானுங்க நம்புது.” கொஞ்சம் நிறுத்தி, “தம்பிக்கு இது கடைசி வருசமில்லீங்களா? பீஸ் கட்டியாச்சுங்களா?” என்றார். குசலம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். என் மகன் அப்போது இன்ஜினீயரிங் நான்காம் வருடம்.

போனேன். சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. “கண்ணு, இது பழைய கலராம். மேல் தட்டுக்குச் செல்லாதாம்.” ‘ஆம்’ போட்டால் பாவம் குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நஸ்ரின் அழவில்லை. கையிலிருந்த சரத்தின் முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “தேதி எதுவும் போடலியே ஆன்ட்டி.”

நான் ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“செல்லாதுன்னா செல்லாதத ஏன் அது துன்னுச்சு?” டிக்கெட் தின்னியைக் காட்டினாள். “துன்னத துப்பச் சொல்லுங்க. நா எடுத்துகினு போறேன்.”

ஐயோ, அந்த நிமிஷம்! ஆறாயிரம் டிக்கெட் பெட்டிக்குள் தூள் தூளாகக் கிடக்கிறது. அதை எங்கிருந்து துப்பச் சொல்வேன்?

கருணாகரன் சார் பாயை வரவழைத்தார். “பாய், இது விளையாடி ஜெயிச்ச டிக்கெட் இல்லீங்க. வியாபாரம். நம்ம எடத்துல நம்மகிட்டக் கேக்காம வியாபாரம் பண்ணுனா அதுக்கு வேற பேருங்க.”

பாய்க்கு அதிர்ச்சியில் கையிலிருந்த ஊசியைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை. “திருட்டுன்றீங்களா சார்?”

“நான் அந்த வார்த்தையச் சொல்லலீங்க.”

“ரெக்சின் துண்டு என்துது. ஊசி என்துது. தச்ச கை எம் பொண்ணுது. இதுல உங்கள்து இன்னா சார் கீது?”

“பெரிய பேச்செல்லாம் வேண்டாமுங்க. அடுத்த சனிக்கிழமையோட மெத்த வேலைய முடிச்சுக்கலாம்.” சொல்லிவிட்டு நடுத் தட்டிலிருந்து ஒரு கரடிப் பொம்மையை எடுத்து நஸ்ரினிடம் நீட்டினார். “இந்தா கண்ணு.”

“இது எத்தினி டிக்கெட்டு?”

“சும்மா வெச்சுக்கோ.”

“சும்மான்னா வேணாம்” என்றாள். மிச்சமிருந்த டிக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ரசீதுகளை மட்டும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அப்பாவின் பின்னால் போனாள். போகும்போது கருணாகரன் சாரைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அன்று வீட்டில் என் மகனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு, “நீயாம்மா சொன்ன?” என்றான். உன் பீஸுக்குத்தான்டா சொன்னேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சோறு அவனுக்கு இறங்கியிருக்காது. ஒரு வாரம் எனக்கும் இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை. பாய் கடைசி மெத்தையைத் தைக்க வந்திருந்தார். நஸ்ரின் உள்ளே வரவில்லை. வாசலில், செருப்பு விடும் அலமாரிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த இடம் எங்கள் இடமில்லை, எங்கள் கூடம் இருந்த மாலுக்குப் பொதுவான வழி. மடியில் பர்ஸ்கள். ஒரு வாடிக்கைப் பையன் ஓடிப்போய் டிக்கெட் சரத்தை நீட்டினான்.

“டிக்கெட்டு வேணாம். பத்து ரூபா குடு.”

“ஏன்?”

“டிக்கெட்டு செல்லாதுன்ட்டாங்க. இன்னிக்கி ஆரஞ்சு. நாளிக்கி பச்ச. உன்தும் உள்ள சேத்து வெச்சினு கீறியே, போய்க் கேட்டுப் பாரு.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் நிமிர்ந்தார். “செல்லாதா?”

நம் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்குத் தனிப் பயம் உண்டு. பேங்க் வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் நாம். அந்த அம்மா போனை எடுத்தார். அவர்கள் அடுக்குமாடியில் ஒரு வாட்ஸ்அப் குழு, பக்கத்து அடுக்குமாடியில் ஒரு குழு. பன்னிரண்டு மணிக்கு என் கவுன்டரில் நாலு பேர். ஒரு மணிக்கு வரிசை பம்பர் கார் வரைக்கும். இரண்டு மணிக்கு வாசலைத் தாண்டிவிட்டது.

“எங்க பொண்ணுது மூவாயிரத்து இருநூறு இருக்கு. மொத்தமா எடுத்துக் குடுங்க.”

“சைக்கிள் வேணாம் ஆன்ட்டி, எது இருக்கோ அதக் குடுங்க!”

பதினாறு வருடத்தில் அப்படியொரு கூட்டம் பார்த்ததில்லை. ஒருவரும் விளையாடவில்லை. மெஷின்கள் எல்லாம் விளக்கு எரிந்தபடி ஆளில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. கீழ்த் தட்டு காலி. நடுத் தட்டு காலி. குடோனிலிருந்து இரண்டு பெட்டி வந்தது, அதுவும் காலி. ரப்பர் வேண்டாம் என்றவர்களும் ரப்பர் அள்ளினார்கள். ஒரு அப்பா ஹெலிகாப்டருக்குச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கருணாகரன் சார் ஓடி வந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. “கவுன்டர மூடிப்போடுங்க!” என்று கத்தினார். நான் சொன்ன அந்த ஒரே முறை இதுதான்.

“மூடினா கண்ணாடிய ஒடச்சிடுவாங்க சார்” என்றேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்காதீர்கள். பயத்தில் சொன்னேன்.

“எதுக்குங்க எல்லாரும் வர்றாங்க?”

“அவங்க சேத்து வெச்சத எடுக்க வர்றாங்க சார். அவ்வளவுதான்.”

முதலாளிக்குப் போன் போனது. என்ன பேசினார்களோ, நாலு மணிக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது. ஆரஞ்சு, பச்சை இரண்டுமே செல்லும். அது மட்டுமல்ல, ‘இந்த ஆண்டின் சேமிப்பு நட்சத்திரம்’ குமாரி நஸ்ரினுக்கு இப்போது சைக்கிள் வழங்கப்படும்! ஒரு வாரத்துக்கு முன்னால் வேறு பெயர் வைக்கப்பார்த்த அதே பிள்ளைக்கு.

ஸ்டூலில் ஏறி நானும் இன்னொருத்தரும் சைக்கிளை இறக்கினோம். தூசி கையில் அப்பியது. இரண்டு டயரிலும் காற்றில்லை, ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை இறக்க வேண்டியிருக்கும் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லையே! நஸ்ரின் முதலில் டயரை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் பிரேக். “சிரி பாப்பா” என்றார் போட்டோக்காரர். அவள் டயரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அந்தப் படம்தான் உங்கள் போஸ்டர்.

வரிசை கலைந்தது. மறு வாரம் எல்லாரும் பழையபடி விளையாட வந்தார்கள். இஸ்மாயில் பாய்க்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஆள் வந்து மெத்தை தைத்தார், தையல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நஸ்ரின் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது பாய் சொன்னார். டயருக்கும் ட்யூபுக்கும் ஆன காசை அவளே பர்ஸ் விற்றுக் கொடுத்தாளாம். நான் வேலையை விடவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அதே கவுன்டரில்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலகை எண்ணை மாற்ற மட்டும் அதற்குப் பிறகு ஸ்டூலில் ஏறவில்லை. முட்டி வலி என்றேன். வேறு ஆள் ஏறினார்.

பிரியா, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் இந்தச் சனிக்கிழமை வருவேன். ஆனால் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவதென்றால், படம் எடுத்து முடித்த பிறகு நடந்ததையும் பிள்ளைகளிடம் சொல்வேன். சம்மதமா என்று உங்கள் மேனேஜரைக் கேட்டுக்கொள்.

அன்று கூட்டம் கலைந்ததும் நஸ்ரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கவுன்டருக்கு வந்தாள். போன வாரத்து ரசீதுகளைப் பர்ஸிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நீவி வைத்தாள். மீதி டிக்கெட்டுள்ள நீலப் பையையும் வைத்தாள். பலகை விலைக்குமேல் இருந்த நூற்று அறுபதுக்கு நாலு பென்சிலும் ஒரு ஸ்கேலும் கேட்டாள். கீழ்த் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. என் மேஜையிலிருந்த என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். எழுதிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளும்மா.”

“அன்னிக்கி செல்லாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு உங்களுக்கு இன்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் குடுக்கலடி.”

அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவள் கண் அகலமாக விரிந்தது. போன வாரம் ஆறாயிரம் டிக்கெட் போனபோதுகூட அந்தப் பிள்ளை அப்படி அதிர்ந்து நான் பார்க்கவில்லை.

“சும்மாவா சொன்னீங்க?” என்றாள்.